அப்பாவின் சிறுநீரகமும் பிள்ளைகளின் இரத்தமும்

வணக்கம் அக்கா,

போன மாதம் அப்பாவின் இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். வயது 63. ரிப்போர்ட்டில் 'கிளியர் செல்' என்று இருக்கிறது. இப்போது ஒருவர் வீட்டுக்கு வந்து, இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்தால் பிள்ளைகளுக்கும் புற்று வருமா என்று தெரிந்துவிடும், ஆளுக்கு 1,200 வெள்ளி என்கிறார். நாங்கள் மூன்று பேர். எடுக்கலாமா?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

எடுக்க வேண்டாம். அந்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்கு எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது நிஜமான விஷயம்தான்; இந்தக் கட்டியில் அது எங்கே வருகிறது என்று சொல்கிறேன். ஜார்ஜ்டவுனில் நான் லேபில் வேலை பார்த்தபோது, அறுவை முடிந்த சிறுநீரகங்கள் மேசைக்கு வரும். சுற்றிலும் ஈரல் நிறம், கட்டி மட்டும் முட்டை மஞ்சள்கரு போலப் பளிச்சென்று இருக்கும். அவ்வளவு கொழுப்பு. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஸ்லைடு தயார் செய்யும்போது அது கரைந்துபோய் செல்கள் காலியாகத் தெரியும். 'கிளியர்' என்ற பேர் அப்படி வந்தது.

இந்த வகைக் கட்டியில் பெரும்பாலும் வி.எச்.எல். என்ற ஜீன் பழுதாகியிருக்கும். ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஹிப் என்ற புரதத்தை அழிக்க வைப்பது அந்த ஜீன்தான். அது பழுதானால் ஹிப் குவியும். இரத்தம் நன்றாக வந்துகொண்டிருந்தாலும் செல் மூச்சு முட்டுவது போலவே நடந்துகொள்ளும்: புது இரத்தக் குழாய்களை வரவழைக்கும், கொழுப்பைச் சேர்க்கும், மிர்-210 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அள்ளி அள்ளிச் செய்யும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள சின்னத் துண்டு. புரதம் செய்யச் சொல்லிப் போகும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவிடும். 1993இல் ஒரு புழுவில் முதலில் பிடிபட்டது. அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் கிடைத்தது. இதே கட்டியில் மிர்-200 குடும்பம் குறைந்துபோகும். செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்க உதவுகிற குடும்பம் அது.

சரி, பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? மிர்-210 ஏறுவது கட்டி வந்த பிறகு. இல்லாத கட்டியைப் பற்றி அது என்ன சொல்லும்? ஆக்ஸிஜன் குறைகிற வேறு நிலைகளிலும் அது ஏறும். போதாததற்கு, இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு கொஞ்சம் உடைந்து சீரம் (இரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீர்) இளஞ்சிவப்பானாலே, சிவப்பணுவிலிருக்கும் மிர்-451 போன்றவை கலந்து கணக்கே மாறிவிடும். இளஞ்சிவப்புச் சீரம் லேபில் அன்றாடம் பார்ப்பது.

அப்பா வயதில், ஒரு பக்கம் மட்டும் வருவது பெரும்பாலும் பரம்பரை இல்லை. இரண்டு பக்கமும் இருந்தாலோ, 46 வயதுக்குள் வந்திருந்தாலோ, குடும்பத்தில் இன்னொருவருக்கு இருந்தாலோதான் ஜீன் ஆலோசனை அவசியம். அப்படி யாராவது இருந்தால் அப்பாவின் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மற்றபடி மூவரும் பிரஷர் பாருங்கள், சிகரெட் பிடிப்பவர் நிறுத்தட்டும், சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

அப்பாவுக்கு இனி ஒரு சிறுநீரகம்தான். மூட்டு வலி என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட விடாதீர்கள். அப்புறம், ரிப்போர்ட்டில் 'கிரேடு' என்று ஓர் எண் இருக்கும்; கட்டியின் செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பதைக் காட்டுவது அது. அதையும் அடுத்த ஸ்கேன் தேதியையும் எனக்கு எழுதுங்கள்.