கண்ணைப் பிடுங்கச் சொன்னது அணி என்றால், உயிர்த்தெழுதல்?

கேள்வி: சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் வீட்டில் மாதம் இருமுறை வேதபாடக் கூட்டம் நடத்துகிறோம். பெரியவர்கள் பழைய தமிழ் வேதாகமம் வாசிக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் ஆங்கில வேதாகமம். ‘உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால், அதைப் பிடுங்கி எறிந்துபோடு’ (மத்தேயு 5:29) என்பது உருவகம் என்று விளக்கினேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகன், “அப்போ உயிர்த்தெழுந்ததும் உருவகம்தானாப்பா? எதை நேரா எடுத்துக்கணும்னு யார் முடிவு பண்றது?” என்கிறான். என்ன சொல்வது?

பதில்: முதலில் ஒரு சிறு திருத்தம். அந்த வசனத்தில் இருப்பது உருவகம் அல்ல, உயர்வு நவிற்சி, அதாவது அழுத்தத்துக்காக மிகைப்படுத்திச் சொல்வது. ‘நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்’ (யோவான் 15:5) என்பதுதான் உருவகம். நேர்ப்பொருள் கொள்ள முடியாத எல்லாவற்றுக்கும் ‘உருவகம்’ என்று ஒரே பெயரை ஒட்டிவிடுகிறோம். பிள்ளைகள் காதில் அது ‘நிஜமில்லை’ என்று விழுகிறது. அணியின் பெயரைச் சரியாகச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

அது உயர்வு நவிற்சி என்பதற்குச் சான்று வேதத்திலேயே உண்டு. வலதுகண்ணைப் பிடுங்கினாலும் இடதுகண் பார்க்கும். பொல்லாத சிந்தனைகள் இருதயத்திலிருந்து புறப்படுகின்றன என்று அதே நற்செய்தியில் (15:19) இயேசு சொல்கிறார். ஆகவே கண்ணை எடுப்பதால் நோய் தீராது. பாவத்துக்கு வழிவிடும் எதையும் தயவு பாராமல் வெட்டு என்பதே கட்டளை. லூக்கா 14:26ஐயும் இப்படிச் சோதிக்கலாம். தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று அங்கே வருகிறது. மத்தேயு 10:37 அதையே ‘என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்’ என்று அளவோடு சொல்கிறது. பெற்றோரைக் கவனிக்காமல் காணிக்கையைச் சாக்குச் சொன்னவர்களை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசுவே கண்டிக்கிறார். இணை வசனம், அதே ஆசிரியரின் வேறு பேச்சு, நேர்ப்பொருளில் வரும் முரண் ஆகிய மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் அணி என்று துணிந்து சொல்லலாம்.

இனி மகனின் கேள்வி. முடிவு செய்வது நம் வசதி அல்ல, எழுத்தின் வகை. இறந்தவர் எழும்புவதையே இரண்டு இடங்களில் வைத்துக் காட்டுங்கள். எசேக்கியேல் 37இல் உலர்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து உயிர்பெறுகின்றன. அது தரிசனம், ‘இந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சமனைத்துமே’ என்று 11ஆம் வசனம் பொருளையும் சொல்லிவிடுகிறது. 1 கொரிந்தியர் 15 கடிதம். அதில் பவுல் சாட்சிகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு. அந்த ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். அதாவது, போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்கிற தொனி. கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் எங்கள் பிரசங்கமே விருதா என்று 14ஆம் வசனத்தில் தப்பும் வழியையும் அவரே அடைத்துவிடுகிறார். நம்புவதும் நம்பாததும் வாசகர் பாடு. பவுல் அதை நடந்த நிகழ்ச்சியாகவே எழுதினார் என்பதில் ஐயமில்லை.

எந்தப் பகுதியை எடுத்தாலும் முதல் கேள்வி: பேசுவது யார், யாரிடம்? இதை விடுவதால் வரும் பிழைதான் நம்மவர்களிடம் அதிகம். ‘உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்’ (யோபு 8:7). புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும், பிடிஓ வீட்டுச் (அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீடு) சாவி கிடைத்ததும் மாட்டுகிற சுவர்ப்படத்திலும் இது இருக்கும். சொன்னவர் கடவுளல்ல, யோபுவின் நண்பர் பில்தாத். நீ சுத்தமானவனாயிருந்தால் இப்படி நடக்கும் என்று, பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் யோபுவிடம் குத்திக்காட்டிச் சொல்கிறார். யோபுவின் நண்பர்கள் தம்மைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று 42:7இல் கடவுளே தீர்ப்புச் சொல்கிறார். படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. வாக்குத்தத்தம் என்று பிரசங்கிக்காமல் இருந்தால் போதும். என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11ம் இந்த வகைதான். அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம். 70 ஆண்டு கழித்தே மீட்பு என்று முந்தின வசனம் சொல்கிறது.

அடுத்த கேள்வி: இது என்ன வகை எழுத்து? நீதிமொழிகளைச் சட்டமாகவோ உத்தரவாதமாகவோ வாசித்தால் குடும்பங்கள் நொறுங்கும். ‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்’ (22:6) என்பதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, பிள்ளை சபையை விட்டுப் போனதும் தங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ளும் பெற்றோர் உண்டு. பழமொழி பெரும்பாலும் நடப்பதைச் சொல்லும். எப்போதும் நடப்பதை அல்ல. ‘பதறாத காரியம் சிதறாது’ என்கிற நாமே ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றும் சொல்கிறோம். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் கொடுக்காதே என்கிறது, 26:5 கொடு என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவருக்கு முரண் தெரியாமலா இருந்திருக்கும்? எப்போது எது என்று யோசிக்கத்தான் வைத்தார்.

கவிதையில் வேறு பிழை. எபிரேயக் கவிதை ஒரு கருத்தை இரண்டு அடிகளில் இணையாகச் சொல்லும். ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் லவுத் 1753இல் இதற்கு விளக்கம் வகுத்தார். ‘உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது’ (சங்கீதம் 119:105). தீபம் பக்கத்துக்கு, வெளிச்சம் தூரத்துக்கு என்று பிரித்துப் பிரசங்கம் செய்வது கவிஞர் நினைக்காத வேலை. இரண்டாம் அடி முதலடியை அழுத்தலாம், கூர்மையாக்கலாம். தனி உபதேசம் ஆகாது. பழைய தமிழ்ப் பதிப்புகள் பலவற்றில் கவிதையும் உரைநடைபோலவே வசனம் வசனமாக அச்சாகியிருப்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் பெரும்பாலான இக்கால ஆங்கிலப் பதிப்புகளிலும் கவிதை அடிகளாகப் பிரிந்திருக்கும். கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

உவமைக் கதைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் அர்த்தம் தேடாதீர்கள். நல்ல சமாரியன் கதையில் சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல் என்றார் அகுஸ்தீன். பெரிய மேதைதான், ஆனாலும் கதை அப்படிக் கேட்கவில்லை. ‘எனக்குப் பிறன் யார்’ என்ற கேள்விக்குப் பதிலாக வந்த கதை அது (லூக்கா 10:29). 36ஆம் வசனத்தில் இயேசு அந்தக் கேள்வியையே திருப்பிப் போடுகிறார். முன்னும் பின்னும் உள்ள கேள்வியைப் பிடித்தால் கதை பிடிபடும்.

ஆகுபெயர், இடக்கரடக்கல், மங்கலம் எல்லாம் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ‘மோசேயும் தீர்க்கதரிசிகளும் அவர்களுக்கு உண்டு’ (லூக்கா 16:29) என்பது வள்ளுவரைப் படித்தேன் என்பதுபோல. ‘நித்திரையடைந்தான்’ என்று மங்கலமாகச் சொன்னதைச் சீஷர்களே தவறாகப் புரிந்துகொண்டு, லாசரு மரித்துப்போனான் என்று இயேசு வெளிப்படையாகச் சொல்லவேண்டி வந்தது (யோவான் 11:11-14). பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள், சிரித்துக்கொண்டே கற்பார்கள். ‘உங்களுடனே ஞானம் சாகும்’ (யோபு 12:2) என்பதை வஞ்சப்புகழ்ச்சி என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒரே ஒரு விதி போதும்: புத்தகமே சொல்லும் விளக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் (1:20); தண்ணீர்கள் ஜனங்கள் (17:15). செய்தித்தாளிலிருந்து தொடங்கினால் பத்தாண்டுக்கு ஒருமுறை விளக்கம் மாறும்.

உங்கள் சபையில் கத்தோலிக்க உறவினர்கள் வருவதுண்டானால், இது நவீனக் கிறுக்கு அல்ல என்று காட்ட 1965இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டைச் சுட்டலாம். இலக்கிய வகையைக் கவனிக்கவேண்டும் என்று அதன் 12ஆம் எண் வெளிப்படையாகக் கூறுகிறது.

அடுத்த கூட்டத்துக்கு நியாயாதிபதிகள் 4, 5 இரண்டையும் எடுங்கள். முதலாவது உரைநடை, 24 வசனம். இரண்டாவது அதே போரைப் பற்றிய பாட்டு, 31 வசனம். இருவர் மாறி மாறி உரக்க வாசித்தால் கால் மணி நேரத்தில் முடியும். பிறகு ஒரு தாளை நடுவில் கோடிட்டு, உரைநடையில் மட்டும் உள்ளவை இடப்பக்கம், பாட்டில் மட்டும் உள்ளவை வலப்பக்கம் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். வலப்பக்கத்தில் நட்சத்திரங்கள் யுத்தம்பண்ணும் (5:20). அதற்கு அடுத்த வசனத்தில் கீசோன் நதி எதிரிகளை அடித்துக்கொண்டு போகும். எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் 900 இரும்பு ரதங்கள் ஏன் உதவவில்லை, அவன் ஏன் ரதத்தை விட்டிறங்கிக் கால்நடையாக ஓடினான் என்பதற்கு, கர்த்தர் கலங்கடித்தார் (4:15) என்பதற்குமேல் உரைநடை காரணம் சொல்லாது. வெள்ளத்தைப் பாட்டு சொல்லும். நட்சத்திரம் அணி, ஆறு நிகழ்ச்சி, இரண்டும் ஒரே பாட்டில். எதை எப்படிப் பிரித்தாய் என்று மகனையே கேளுங்கள். நேரம் மிஞ்சினால் யாத்திராகமம் 14:21இல் இராமுழுதும் வீசும் கீழ்காற்றையும், 15:8இல் அதுவே கர்த்தருடைய நாசியின் சுவாசமாக மாறுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.