சங்கீதம் தெரியாமல் பாட்டு வகுப்பை ஆய்வு செய்ய முடியுமா?

கேள்வி: நான் ஒரு நிதியுதவி பெறும் தொடக்கப்பள்ளியின் தலைமை ஆசிரியை. ஐந்து வகுப்புகளில் 160 பிள்ளைகள். பாட்டு சார் வாரம் ஒரு நாள் வருகிறார், வகுப்புக்கு 40 நிமிடம். ஆண்டு விழாவில் 15 பேர் பிரமாதமாகப் பாடுகிறார்கள். "மற்ற பிள்ளைகள் என்ன கற்றார்கள்?" என்று தாளாளர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டு வகுப்பை ஆய்வு செய்து அடுத்த ஆண்டுக்குத் திட்டம் எழுதச் சொல்கிறார். எனக்கு சங்கீதம் தெரியாது. ஒரு கீபோர்டு வாங்கலாமா என்றும் பேச்சு இருக்கிறது.

பதில்: தாளாளர் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் ஆய்வு செய்யப் போவது சாரின் ஞானத்தை அல்ல, பிள்ளைகள் வாயிலும் கையிலும் எவ்வளவு சங்கீதம் ஓடுகிறது என்பதை. அதற்கு ராகம் தெரிய வேண்டியதில்லை. ஒரு கடிகாரமும் கடைசி பெஞ்சில் ஓர் இடமும் போதும்.

முதலில் போன ஆண்டு பாடக்குறிப்பேட்டை எடுத்து, நிஜமாக நடந்த பாட்டு வகுப்புகளை எண்ணுங்கள். விடுமுறை, தேர்வு, விழா ஒத்திகை எல்லாம் போக மிஞ்சியது பலருக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பிறகு ஒரு வகுப்பில் போய் உட்காருங்கள். சார் பேசுவதும் பாடுவதும் எத்தனை நிமிடம், எல்லோரும் சேர்ந்து பாடுவது எத்தனை, இரண்டு மூன்று பேராகவோ தனியாகவோ பாடுவது எத்தனை, சும்மா உட்கார்ந்திருப்பது எத்தனை என்று நான்கு கட்டம் போட்டுக் குறியுங்கள். போவதற்கு முன் சாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய் உட்கார்ந்தால் அது வேவு பார்ப்பது போலாகிவிடும். பகுதிநேரச் சம்பளத்தில் வருகிறவரின் மனம் நோகக் கூடாது.

அடுத்தது குரல் உயரம். பெரும்பாலான பள்ளிகளில் கோளாறே இங்கேதான். ஆண் ஆசிரியர் தன் குரலுக்கு வசதியான சுருதியில் பாடும்போது, கீழ்ச் சுரங்களை அப்படியே எட்டப் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உறுமுகிறார்கள். பாட்டு மேலே ஏறினால் கத்துகிறார்கள். பயிற்சியில்லாத ஆறேழு வயதுக் குரலுக்கு வசதியான எல்லை சின்னது. ஆர்மோனியத்தின் நடுப்பகுதியில் (நடு ஸ்தாயி) 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரை, ஐந்தாறு சுரம், அவ்வளவுதான். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண், சாருக்குத் தெரியும். பாட்டை அதற்குள் இறக்கியோ ஏற்றியோ பாருங்கள், "இவனுக்குச் சுருதியே வராது" என்று ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் சேர்ந்துகொள்வார்கள். முதல் வரியைச் சாருக்குப் பதில் நிலையான குரலுள்ள ஒரு பிள்ளை எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. அப்படியும் சேராத பிள்ளைக்குக் காது ஒழுங்காகக் கேட்கிறதா என்று பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காது மந்தமாக இருப்பது உண்டு. "வாயை மட்டும் அசை" என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் யாரும் சொல்லக் கூடாது. அதைக் கேட்டு வளர்ந்து, ஐம்பது வயதிலும் தாலாட்டுப் பாடக் கூச்சப்படுகிறவர்களை எனக்குத் தெரியும்.

வருகைப் பதிவேட்டில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று எண்ணி வகுப்புக்கு ஆறு பேரை எடுங்கள். சார் தேர்ந்தெடுத்துத் தர வேண்டாம், தந்தால் அந்த 15 பேர்தான் வருவார்கள். தெரிந்த பாட்டு ஒன்றைக் கைதட்டிக்கொண்டே பாடச் சொல்லி ஜூனில் போனில் பதிவு செய்யுங்கள். பிப்ரவரியில் அதே பிள்ளைகள், அதே பாட்டு. இரண்டையும் கேட்டால் வித்தியாசம் உங்களுக்கே புரியும். மதிப்பெண் வேண்டாம்.

இனி திட்டம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குச் சுரம் அவசியமில்லை, தாளம்தான் அடிப்படை. கால் சீராக நடக்க, கை பாட்டின் சொல்லைத் தட்ட வேண்டும். இரண்டும் வேறு என்று உடம்புக்குத் தெரிய ஓர் ஆண்டு ஆகும். பதிவேடு வாசிக்கும்போதே இதைப் பழக்கலாம். பெயரின் அசைக்கு ஒரு தட்டு, அதைத் தாளச் சொல்லாகவும் சொல்லலாம். குமரன் என்றால் தகிட, மூன்று தட்டு. மலர்விழி என்றால் தகதிமி. தமிழரசி என்றால் தகதகிட. பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன்" என்பதற்குப் பதில் பிள்ளை தன் பெயரைத் தட்டட்டும். வகுப்பாசிரியர் யாரும் செய்யலாம், தினம் ஐந்து நிமிடம். வாரம் ஒரு முறை வரும் 40 நிமிடத்தைவிட இந்த ஐந்து நிமிடத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மூன்றாம் வகுப்பிலிருந்து சுரம். இங்கே சார் உங்களோடு மல்லுக்கு நிற்கலாம். கர்நாடக இசையின் முன்னோடி புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறைப்படி, முதல் சுரப் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்கும். குருவிடம் தினமும் உட்காரும் பிள்ளைக்கு அது அருமையான அஸ்திவாரம். 32 பேர் வாரம் ஒரு முறை கூடும் வகுப்புக்கு அது கடினம். ச-வுக்கு ஒட்டினாற்போல் ரி, அங்கிருந்து க-வுக்கு ஒரு தாவல்; கூட்டமாகப் பாடும்போது இரண்டும் கலங்கிவிடும். மோகன ராகத்தில் ச ரி க ப த என்று ஐந்தே சுரம், ஒட்டிக் கிடக்கும் சுரம் எதுவும் இல்லை, பிசகினாலும் காதை உறுத்தாது. ஜெர்மனியில் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து சுர இசையைத் தேர்ந்ததும் இதே தர்க்கத்தில்தான். மோகனத்தை முல்லைப்பண் என்று பழந்தமிழ்ப் பெயரில் சொன்னால் தமிழாசிரியரும் கூட வந்துவிடுவார். சரளி வரிசையை ஐந்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சாரிடம் பேசிப் பாருங்கள்.

உங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் இசையையும் ஒரு தாளில் எழுதுங்கள். அப்பா பறை அடிப்பவர், அக்கா சர்ச் கொயரில் பாடுபவள், ஆத்தா கும்மிப் பாட்டுக்காரி என்று ஒரு வகுப்பிலேயே எத்தனையோ கிடைக்கும். மாதம் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள்.

ஆண்டு விழாவை விட முடியாது, ஆனால் ஒத்திகையை நான்கு வாரத்துக்குள் அடக்குங்கள். மேடையில் 15 பேருக்குப் பதில் முழு வகுப்பு நிற்கட்டும். பாதி பாட, பாதி தாளம் தட்ட. கொஞ்சம் பிசிறடிக்கும். பரவாயில்லை.

கீபோர்டு வேண்டாம். ஒரே கீபோர்டை சார் வாசிப்பார், பிள்ளைகள் பார்ப்பார்கள். சுருதிக்குப் போனிலேயே இலவசச் செயலி இருக்கிறது. அந்தப் பணத்தில் நாற்பது ஜோடி கோலாட்டக் குச்சி, சில ஜால்ரா, நான்கைந்து கஞ்சிரா வாங்குங்கள். குச்சியின் நுனியை உருட்டித் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். முதல் வாரமே எவனாவது பக்கத்துப் பையன் தலையில் ஆதி தாளம் போடத்தான் போகிறான்.