80-க்கு மேல் பிக்கப் உதறினால்

அண்ணே, மாதவரம் தாண்டி 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் பிக்கப் உதறுகிறது, அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தும் தீரவில்லை என்கிறீர்கள். அலைன்மென்ட் கோளாறு என்றால் பெரும்பாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். இது வேறு, சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமில்லாத பேலன்ஸ் கோளாறாக இருக்கலாம். ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரம், சீட் அதிர்ந்தால் பின்சக்கரம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். மணலி, எண்ணூர் லோடு அடிக்கிற வண்டி என்றால் ரிம்மின் உள்பக்கம் எட்டிப் பாருங்கள். சேறு காய்ந்து அப்பியிருக்கும். பேலன்சுக்காக ரிம்மில் பொருத்திய சின்ன வெயிட் விழுந்திருந்தால், அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு தடம் மட்டும் மிச்சமிருக்கும். சுரண்டிக் கழுவிவிட்டு நாலு சக்கரத்துக்கும் பேலன்சிங் போடச் சொல்லுங்கள். மெஷினில் சுற்றும்போதே ரிம் நெளிவும் தெரிந்துவிடும். அப்புறமும் உதறினால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் (பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) கிராஸ், அதாவது இணைப்பு மூட்டு, லூஸா என்று பார்க்கணும். டயர் பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.