மலாவிக் கிராமங்களில் தன்னார்வலர் பணி: கேள்வி பதில்

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் மத்தியப் பகுதியில் உள்ள டெட்சா மாவட்டத்தில், ஆழ்துளைக் கிணறுகளின் அடிபம்புகளைப் பராமரிக்கும் பணியில் இரண்டு ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தேன். உறுப்பினர்கள் கேட்டவற்றுள் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஒரு நாள் எப்படிக் கழியும்? (கரூர் வாசகி)

பொழுது புலர்வதற்கு முன்பே பெண்கள் வாளிகளோடு பம்படிக்கு வந்துவிடுவார்கள். ஒரு பம்பின் நிலையை அறிய அதைவிட நல்ல நேரம் இல்லை என்பதால் நானும் அப்போதே சைக்கிளில் கிளம்பிவிடுவேன். எத்தனை முறை அடித்த பிறகு தண்ணீர் வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே, உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் ம்ஃபுமு எனப்படும் ஊர்த்தலைவரைப் பார்க்க வேண்டும். எந்த வீட்டு வாசலிலும் “ஓடி” என்று குரல் கொடுத்து, அழைத்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். “முலி ப்வாஞ்சி” என்று நலம் விசாரிக்காமல் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. ஊரில் ஒரு சாவு என்றால் எல்லா வேலையும் நின்றுவிடும். என் அட்டவணை கெட்டுவிட்டதே என்று முதல் சில மாதங்கள் வருந்தினேன். பிறகு நானும் துக்க வீட்டில் போய் உட்காரத் தொடங்கினேன், அதன் பிறகுதான் ஊர்ப் பம்பைப் பார்த்துக்கொள்ளும் தண்ணீர்க் குழுவினர் என்னிடம் மனம் விட்டுப் பேசினார்கள்.

குழுவின் வேலையில் பாதி, பணம் சேர்ப்பது. நவம்பரில் மழை தொடங்கி, ஏப்ரலில் மக்காச்சோளம் வீடு வந்து சேரும். ஜனவரி முதல் மார்ச் வரை பல வீடுகளில் குதிர் காலியாகவே இருக்கும். அந்த மாதங்களில் பராமரிப்புச் சந்தா கேட்பது கொடுமை. அறுவடை முடிந்த கையோடு ஆண்டு முழுவதற்கும் வாங்கி வைத்துக்கொள்ளும் குழுக்களின் பம்புகளே தொடர்ந்து ஓடின.

ஓர் எச்சரிக்கை: ஸ்பேனரை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். நீங்கள் பழுது பார்த்தால் அரை மணியில் முடியும், ஆனால் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அந்தப் பம்பைத் தொட ஆள் இருக்காது.

சைவ உணவு கிடைக்குமா? (மயிலாடுதுறை)

கிடைக்கும். ன்சிமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி, நம் கேழ்வரகுக் களியை உண்டவர்களுக்கு அது புதிதல்ல. தொட்டுக்கொள்ள அவரை வகைகள், பூசணி இலை, வேர்க்கடலைப் பொடி சேர்த்த கீரை ஆகியவை உண்டு. விருந்தாளி வந்தால் கோழி அறுப்பது அவர்கள் வழக்கம். ஆகவே உங்கள் வழக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாதச் சம்பளம் எவ்வளவு? (மூவர் கேட்டுள்ளனர்)

சம்பளம் இல்லை. தங்குமிடமும், உள்ளூர் விலைவாசிக்கேற்ற வாழ்க்கைப்படியும் உண்டு. அதில் வீட்டுக்குப் பணம் அனுப்ப இயலாது.

மலேரியாவுக்குப் பயப்பட வேண்டுமா? (மதுரைத் தம்பி)

பயம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். மலாவியில் பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் வகை, அது சில நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலோடு வயலுக்குப் போகிறார் என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிறு வயது முதல் பலமுறை கண்ட நோய் என்பதால் அவர் உடலில் ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது, உங்கள் உடலில் இல்லை. தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள் வரை விடாமல் உட்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்த அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் கண்டாலும், மலாவியில் இருந்து வந்தவர் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மலாவி ஏரியில் குளித்தவர்கள் நத்தைக் காய்ச்சலுக்கும் (நன்னீர் நத்தைகள் வழியாகத் தொற்றும் புழு நோய்) பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நம் இந்தியா மார்க் 2 பம்பு இருக்க, அவர்கள் ஏன் ஆஃப்ரிடெவ் பம்பை வைத்திருக்கிறார்கள்? மார்க் 2 அதைவிட உறுதியானது. (குடிநீர் வடிகால் வாரியத்தில் ஓய்வு பெற்ற பொறியாளர்)

ஐயா, மார்க் 2 உறுதியானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாஷர் மாற்றுவதற்காக அதன் பிஸ்டனை வெளியே எடுக்க இரும்புக் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் தேவை. மழைக்காலத்தில் டெட்சாவின் மண் சாலைகளில் அந்த வண்டி வந்து சேராது. ஆஃப்ரிடெவ் பம்பில் இறங்குவது பிவிசி குழாய். அதைக் கழற்றாமலே, ஒரே ஸ்பேனரைக் கொண்டு, பிஸ்டனையும், அதற்குக் கீழே தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வையும் குழாய்க்குள்ளிருந்தே இழுத்து எடுத்துவிடலாம். நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு முற்பகலில் வாஷர் மாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குறை மார்க் 3இல் தீர்ந்துவிட்டதே. 45 மீட்டருக்குக் கீழே உங்கள் பம்பு என்ன செய்யும்? (அதே பொறியாளர்)

ஆழம் பற்றி நீங்கள் சொல்வது சரி, அந்த ஆழத்துக்குக் கீழே ஆஃப்ரிடெவ் பொருந்தாது. மார்க் 3, 1980களில் நம் கோவை வட்டாரத்தில் நடந்த அடிபம்புச் சோதனைகளின் பயன். பிஸ்டனை மேலே எடுக்கும் வசதி அதில் உண்டு என்பதையும் ஏற்கிறேன். எனினும் அதன் குழாய் அகலமான இரும்புக் குழாய், கனமும் விலையும் கூடியது. அமிலத் தன்மையுள்ள நீரில் இரும்பு அரித்து, தண்ணீர் துருநிறமாகி, பெண்கள் மீண்டும் ஓடைக்கே போய்விடுவார்கள். நீர் ஆழத்தில் இல்லாத இடங்களில், ஊரார் தாங்களே திறந்து பார்க்கக்கூடிய பம்பே நல்ல பம்பு என்பது என் உறுதியான கருத்து.

படி எவ்வளவு என்று தொகையாகச் சொல்ல முடியுமா? (சேலம்)

மேலே பதில் உள்ளது. தொகை அமைப்புக்கு அமைப்பு மாறும், அவர்களிடமே கேளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி அவசியமா? (திருச்சி)

அந்நோய் உள்ள எத்தியோப்பியா, கென்யா வழியாகப் பயணம் அமைவது உண்டு என்பதால் போட்டுக்கொள்வது நல்லது. திரும்பி இந்தியாவுக்குள் நுழையும்போது சான்றிதழ் கேட்கக்கூடும். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பு போட வேண்டும். 2016 முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும்.

இரண்டு வார விடுமுறையில் வந்து பம்பு சீர்செய்து தரலாமா? (பெங்களூரு)

வேண்டாம். ஸ்பேனரைப் பற்றி மேலே எழுதியதைத் தயவுசெய்து படியுங்கள்.

எந்தப் பம்பானாலும் உதிரிபாகம் கிடைக்காவிட்டால் கிராமத்துப் பராமரிப்பு வெறும் பேச்சுதானே? (மீண்டும் பொறியாளர்)

ஐயா, நீங்கள் கேட்டவற்றுள் இதுவே முதன்மையான கேள்வி. வாஷரின் விலை சிறிது, அதை வாங்கி வரும் தூரம்தான் பெரிது. மாவட்டத் தலைநகரை அங்கே போமா என்பார்கள். அங்குள்ள இரும்புக் கடைக்குச் சென்று வர ஒரு பெண்ணுக்கு ஒரு நாளும், சரக்கு வண்டியில் ஏறும் கூலியும் செலவாகும். போய்ச் சேர்ந்த அன்று கடையில் சரக்கு இல்லையென்றால், சேர்த்த பணம் வேறு வழியில் கரைந்துவிடும். என் இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதியை அந்தக் கடைக்காரரோடுதான் கழித்தேன். எந்த ஊர்கள் எந்த மாதம் வாஷர் மாற்றுகின்றன என்ற கணக்கை அவரிடம் கொடுத்து, அறுவடைக்கு முன்பே சரக்கு வாங்கி வைக்கச் செய்தோம். வாஷர் உறைகளை மேசை இழுப்பறையில் தனியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப் பெயரை அவரே எழுதி வைத்திருந்தார்.