அகலமான சாலை பாதுகாப்பான சாலையா?

கேள்வி: எங்கள் பகுதியில் நடைபாதையைக் குறுக்கிச் சாலையை அகலப்படுத்தினார்கள். அதன்பின் சாலையைக் கடக்கவே அச்சமாக இருக்கிறது. இது ஏன்? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. சாலை அகலமாகவும் நேராகவும் இருந்தால், அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும், ஓட்டுநரின் கால் தானாகவே வேகத்தைக் கூட்டுகிறது; கடப்பவர் நடக்க வேண்டிய தூரமும் நீள்கிறது. வாகனத்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதும் கார், 30 கிலோமீட்டரில் மோதுவதைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு ஆற்றலை மனித உடல்மீது செலுத்துகிறது. மனிதர் தவறு செய்வார், அத்தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது என்ற அடிப்படையில், சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் சாலை மரணங்களை அறவே ஒழிப்பதையே குறிக்கோளாக ஏற்றது.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. தடையின்றி நடப்பதற்கான பகுதி குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றும், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. அதைவிட உயர்த்திக் கட்டினால் முதியோர் சாலையிலேயே இறங்கி நடப்பார்கள். சென்னைப் பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. அத்தகைய அக்கறை கடைத்தெருக்களுக்கு மட்டுமன்றிப் பள்ளிக்கூட வாசல்களுக்கும் வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மிதிவண்டியில் செல்வோருக்கு, வேகமான சாலைகளில் வெறும் வண்ணக்கோடு போதாது. தடுப்புடன் கூடிய தனிப்பாதை தேவை. உங்கள் தெருவுக்கு, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தப்பட்ட கடவையை (பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்தை) மாநகராட்சியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடமளிக்கிறது. மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.