மோதல் எச்சரிக்கைக் கருவி ஒன்று சொல்ல, கட்டுப்பாட்டு அறை வேறொன்று சொன்னால், விமானி எதைக் கேட்க வேண்டும்?

கருவியைத்தான்.

டிசிஏஎஸ் என்பது விமானத்திலேயே இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி. நெருங்கி வரும் இரு விமானங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசி, ஒன்றை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். குறுகலான சந்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வோமே, அது நடக்காமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. கட்டுப்பாட்டாளரின் ரேடார் திரையோ சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். கருவி என்ன சொன்னது என்பதும் பொதுவாக அவருக்கு உடனே தெரியாது.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே ரஷ்யப் பயணிகள் விமானத்தை இறங்கச் சொன்னார் சூரிக் கட்டுப்பாட்டாளர். அதன் கருவி "ஏறு" என்றது. விமானிகள் கட்டுப்பாட்டாளர் பேச்சைக் கேட்டு இறங்கினார்கள். குறுக்கே வந்த டிஎச்எல் சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள். அன்று கட்டுப்பாட்டாளர் தனியாளாக இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பழியை அவர் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்ற விதி அதன் பிறகு ஐயமற எழுதப்பட்டது.

இப்படிச் செய்வது கட்டுப்பாட்டு அறையை மீறுவதாகாது: விமானி "டிசிஏஎஸ் ஆர்ஏ" (கருவி கட்டளையிட்டிருக்கிறது என்று பொருள்) என்று வானொலியில் சொன்னதுமே, அந்த விமானத்தின் பாதையை மாற்றச் சொல்வதைக் கட்டுப்பாட்டாளர் நிறுத்திவிட வேண்டும்.