விசை, இயக்கம், சக்தி மூன்றும் மகளுக்குக் குழம்புகிறது, வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மகள் 10ஆம் தரம், சூத்திரம் எல்லாம் பாடம், ஆனால் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனையைக் கீழே வைத்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் பல வருடமாக மாலை வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். அவர்களுக்குச் சூத்திரத்தில் குறை இல்லை. விசையைப் பற்றி மனதில் முன்னமே ஒரு பிழையான எண்ணம் குந்தியிருக்கிறது, அதை ஒருவரும் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை.

அந்த எண்ணம் இதுதான்: ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதை ஏதோ ஒரு விசை தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். மகளிடம் கேட்டுப் பாருங்கள், அநேகமாக இதைத்தான் சொல்வாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அரிஸ்டோட்டிலும் அப்படித்தான் நினைத்தார். கலிலியோவும் அவருக்குப் பிறகு 1687இல் புத்தகம் வெளியிட்ட நியூற்றனும் வந்துதான் அதை மாற்றினார்கள்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன் மாங்குளத்திலிருந்து ஏ9 வீதியால் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறான். மாடுகள் குறுக்கே வர, சாரதி பிரேக்கை அமத்த, இவன் முன்னால் நின்றவரின் முதுகில் போய் மோதிவிட்டான்.

"ஆரோ பின்னால பிடிச்சுத் தள்ளின மாதிரி இருந்தது சேர்."

"ஆர் தள்ளினது தம்பி?"

"ஒருத்தரும் இல்லை சேர். ஒரு விசை."

"எந்தப் பொருளின்ர விசை? பஸ்ஸோ, கம்பியோ, பக்கத்தில நிண்ட ஆளோ?"

அவனால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் முன்னோக்கி அவனைத் தள்ளிய பொருள் ஒன்றுமே இல்லை. பஸ்ஸோடு சேர்ந்து அவனும் ஓடிக்கொண்டிருந்தான். பஸ்ஸை வீதி உராய்வால் பின்னுக்கு இழுத்து நிறுத்தியது. அவனுடைய செருப்பைத்தான் பஸ்ஸின் தளம் பிடித்தது, உடம்பைப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே உடம்பு பழைய வேகத்திலேயே போனது. விசை தேவைப்படுவது ஓடுவதற்கு அல்ல, ஓட்டத்தை மாற்றுவதற்கு. கூட்ட, குறைக்க, திருப்ப, இந்த மூன்றுக்கும்தான்.

இதை வீட்டிலேயே செய்து காட்டலாம். சைக்கிளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மிதிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். மணல் ஒழுங்கையில் நாலு முழம் போகாமல் நின்றுவிடும். கிரவல் ரோட்டில் இன்னும் கொஞ்சம் போகும், தார் ரோட்டில் நல்ல தூரம் போகும். அவள் கால் மூன்று இடத்திலும் ஒன்றும் செய்யவில்லை. மாறியது உராய்வும் தடையும்தான். அப்புறம் கேளுங்கள், உராய்வும் காற்றும் இல்லாத இடத்தில் சைக்கிள் எங்கே நிற்கும் என்று. 1977இல் அனுப்பிய வொயேஜர் 1 விண்கலம் தள்ளுவதற்கு எந்த இயந்திரமும் இல்லாமல் இன்றைக்கும் செக்கனுக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வீதம் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே கணக்குச் செய்யும்போது ஒரே ஒரு பழக்கம் போதும். பொருளை ஒரு பெட்டியாகக் கீறி, விசைகளை அம்புக்குறியாகப் போடட்டும். ஒவ்வோர் அம்புக்குறிக்குப் பக்கத்திலும் அந்த விசையைத் தருகிற பொருளின் பெயரை எழுதட்டும்: பூமி, மேசை, கயிறு, ரோட்டு. பெயர் எழுத முடியாத அம்புக்குறியை அழித்துவிடவேண்டும். ஒன்று மற்றதை எவ்வளவு இழுக்கிறதோ, மற்றதும் அதை அவ்வளவு இழுக்கும் என்கிற நியூற்றனின் மூன்றாம் விதியும் இதிலேயே தெளிந்துவிடும். மாடு வண்டியை இழுக்கிற அளவுக்கே வண்டியும் மாட்டை இழுத்தால் வண்டி எப்படி நகரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. ஒரு விசை வண்டியின் படத்தில், மற்றது மாட்டின் படத்தில், இரண்டும் ஒரே பெட்டியில் வராது. மாட்டை முன்னுக்குத் தள்ளுவது நிலம்தான், குளம்பு நிலத்தைப் பின்னுக்கு உதைப்பதால். சேற்று வயலில் குளம்பு வழுக்கினால் எவ்வளவு பலமான மாடானாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் பிள்ளைகளின் தவறு துளியும் இல்லை. இப்போது எல்லோரும் போனில் தமிழ்நாட்டுப் பாட வீடியோக்களைப் பார்க்கிறார்கள். அவை நல்ல பாடங்கள்தான், ஆனால் சொற்கள் வேறு. எங்கள் புத்தகத்தில் திணிவு என்பது அங்கே நிறை. எங்களுக்கு நிறை என்பது பூமி இழுக்கிற விசை, அதை அங்கே எடை என்பார்கள். எங்கள் கதி அங்கே வேகம், எங்கள் வேகம் அங்கே திசைவேகம். ஆர்முடுகல் அங்கே முடுக்கம், சக்தி அங்கே ஆற்றல், வலு அங்கே திறன். நிறையை நியூற்றனில் எழுதவேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை கிலோகிராமில் எழுதியதற்குக் காரணம் தேடிப் போனபோதுதான் எனக்கே இது பிடிபட்டது. இந்த ஏழெட்டுச் சொல்லையும் ஒரு தாளில் எழுதிக் கொப்பியின் முன்மட்டையில் ஒட்டிவிடுங்கள்.

சரி, சக்திக்கு வருவோம். இங்கே கேட்கவேண்டிய கேள்வி வேறு: எங்கேயிருந்து வந்தது, எங்கே போனது?

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து லீற்றர் வாளித் தண்ணீரின் திணிவு 10 கிலோகிராம், நிறை ஏறத்தாழ 100 நியூற்றன். ஆறு மீற்றர் மேலே இழுத்தால், விசையைத் தூரத்தால் பெருக்க, 600 யூல் வேலை. ஆறுதலாக இழுத்தாலும் விறுவிறு என்று இழுத்தாலும் தண்ணீருக்குப் போவது அதே 600 தான். பத்துச் செக்கனில் இழுத்தால் வலு, அதாவது ஒரு செக்கனில் செய்கிற வேலை, 60 வாற்று, ஒரு பழைய குண்டு பல்ப் எரிகிற அளவு. பிறகு நிறைந்த வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஆடாமல் நிற்கச் சொல்லுங்கள். கை கடுக்கும், ஆனால் வாளி மீது செய்த வேலை பூச்சியம், வாளி நகரவே இல்லையே. இதை ஒருதரம் கையால் உணர்ந்த பிள்ளை பரீட்சையில் பிழை விடாது.

எங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளமும் அதே வாளிதான், பெரிய வாளி. 36 அடி நிறைந்து நின்றால் கிட்டத்தட்ட 11 மீற்றர் உயரத் தண்ணீர். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த ஆழத்தில் துருசால் (மதகால்) வெளியேறுகிற தண்ணீரின் வேகம் செக்கனுக்கு 15 மீற்றருக்குக் கிட்ட வரும். உயரத்தில் நிற்பதால் இருக்கிற அழுத்தசக்தி, ஓடுவதால் இருக்கிற இயக்கசக்தியாக மாறுவது இப்படித்தான்.

இயக்கசக்தியில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிக்கொடுங்கள், அதில் வேகத்தின் வர்க்கம் வருகிறது. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிற மோட்டார் சைக்கிள், செக்கனுக்குச் செக்கன் 5 மீற்றர் வீதம் வேகம் குறையப் பிரேக் பிடித்தால் 12 மீற்றரில் நிற்கும். அதே பிரேக்கில் 80இல் போனால் 49 மீற்றர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. மாட்டைக் கண்டு கை பிரேக்குக்குப் போகிற நேரத்தில் ஓடுகிற தூரம் வேறு. இரவில் ரோட்டில் படுத்திருக்கிற மாட்டில் மோதிக் கால் உடைந்து வந்த பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். அதனால் இந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் இரண்டு தரம் செய்விப்பேன்.

எனக்கு இந்தப் பாடம் விளங்கியது சைக்கிள் டைனமோவால். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னியில் பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்போம். வானொலிக் கம்பியைப் பூட்டாமல் சுற்றினால் சில்லு இலேசாகச் சுழலும். பூட்டிய உடனே பெடல் இறுகும். மாறிமாறிப் பூட்டியும் கழற்றியும் பார்த்துக்கொண்டே இருப்பேன், அண்ணா ஏசுவார். எதிர்த்துத் தள்ளுகிற அந்த இறுக்கத்துக்கு எதிராகக் கை செய்த வேலைதான் அங்கே சத்தமாக வந்துகொண்டிருந்தது. செய்தி முடிவதற்குள் கை ஓய்ந்துவிடும், குரல் மெல்ல இறங்கும், அண்ணா வந்து பெடலை வாங்குவார்.